கழித்தலும் விளக்குதலும்: எக்ஸ்-கதிர் வானியலில் பின்னணியின் வரலாறு

ஓர் அளவீட்டில் எது செய்தி, எது இரைச்சல் என்ற பாகுபாடு இயற்கையிலேயே அமைந்ததன்று. ஆய்வாளர் எழுப்பும் வினாவே அதனைத் தீர்மானிக்கின்றது. எக்ஸ்-கதிர் வானியலில் ‘பின்னணி’ எனப்பட்டது கையாளப்பட்டு வந்த முறையை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1962 யூன் 18ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் வைற் சான்ட்ஸ் தளத்திலிருந்து ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினரின் கருவிகளைத் தாங்கிய ஏரோபீ றொக்கெற் ஏவப்பட்டது. சூரியவொளி படுவதனால் சந்திரன் எக்ஸ்-கதிர்களை வெளிவிடுகின்றதா என்பதே அவர்களின் வினா. சந்திரனிலிருந்து எதுவும் புலப்படவில்லை. மாறாக, விருச்சிக மண்டலத் திசையில் பிரகாசமான ஒரு மூலமும், எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் பரவலான கதிர்வீச்சும் கண்டறியப்பட்டன. தனி மூலங்களை ஆராய்ந்தோருக்குப் பின்னது கழிக்கப்படவேண்டிய தொகையாயிற்று.

கழித்தல் எளிய முறையே. மூலத்தின் திசையிற் பெற்ற எண்ணிக்கையிலிருந்து, அருகிலுள்ள வெற்று வானிற் பெற்ற எண்ணிக்கையை, பரப்பையும் நேரத்தையும் ஒப்பிட்டுச் சரிசெய்தபின் கழித்துவிடலாம். பிரகாசமான மூலங்களுக்கு இது போதுமானது. மங்கிய மூலங்களிலோ சிக்கல் எழுகின்றது. ஒரு சக்தி இடைவெளியில் மூலத்தின் திசையில் 10 போட்டன்களும் பின்னணியில் 12உம் பதிவாயின், விடை மறைப்பெறுமானமாகின்றது. போட்டன் எண்ணிக்கைகள் புவாசோன் பரம்பலைப் பின்பற்றுவன. அவற்றின் வித்தியாசம் அப்பரம்பலுக்குரியதன்று. வழக்கிலிருந்த கைவர்க்கச் சோதனையும் போதிய எண்ணிக்கை இருந்தாலன்றிப் பொருந்தாது. 1979இல் வெப்ஸ்ரர் காஷ், புவாசோன் நிகழ்தகவை நேரடியாகப் பயன்படுத்தும் அளவையொன்றை முன்வைத்தார். அதற்குக் கழிக்கப்படாத எண்ணிக்கைகளே வேண்டும். எனவே, பின்னணியை அகற்றாது, மூலத்துடன் சேர்த்து அதற்கும் ஒரு மாதிரியுரு அமைக்கும் தேவை ஏற்பட்டது.

1983இல் கேம்பிரிட்ஜ் வானியல் நிறுவனத்தில், எக்ஸோசற் செய்மதியின் தரவுகளுக்காக எழுதப்பட்ட ‘எக்ஸ்ஸ்பெக்’ என்னும் கணினி மென்பொருள் இன்றும் பயன்பாட்டிலுள்ளது. நிறமாலைகளுக்கு மாதிரியுருக்களைப் பொருத்தும் இம்மென்பொருளில் இன்று இருவழிகளும் உள. பின்னணியைக் கழிக்கலாம், அன்றி, தனித்தரவாகக் கொண்டு மூலத்துடன் ஒருங்கே பொருத்தலாம். இரண்டாம் வழியை மேற்கொள்வோர், பின்னணி ஒன்றல்ல, பல என்பதை எதிர்கொள்ள வேண்டும். வானிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களை ஆடிகள் குவிக்கின்றன. அண்டக்கதிர்த் துணிக்கைகளோ கருவியின் சுவர்களை ஊடுருவி உணர்கருவியைத் தாக்குகின்றன. ஆகவே, முன்னதன் மாதிரியுருவை ஆடியின் பயன்படு பரப்பாற் பெருக்கவேண்டும். பின்னதைப் பெருக்குதல் தவறு. 1999இல் ஏவப்பட்ட எக்ஸ்எம்எம்-நியூட்டனின் தரவுகளில் 1.49 கிலோ இலத்திரன்வோற்றில் தோன்றும் அலுமினியக் கோடு கருவியிலேயே பிறப்பது. இதனை அறியாதவர் அதனைத் தொலைவிலுள்ள வாயுவின் இயல்பெனக் கொள்ள நேரிடும்.

கழிக்கப்பட்ட வானப் பின்னணிக்கும் ஒரு வரலாறு இருந்தது. 1977இல் ஏவப்பட்ட ஹீயோ-1, அதன் நிறமாலை ஏறத்தாழ 40 கிலோ இலத்திரன்வோற்று வெப்பநிலையுடைய வாயுவின் நிறமாலையை ஒத்திருப்பதைக் காட்டியது. அத்தகைய வாயு பேரண்டமெங்கும் பரவியிருக்கலாமெனக் கருதப்பட்டது. ஆனால், அவ்வாயு நுண்ணலைப் பின்னணியில் ஏற்படுத்தவேண்டிய திரிபை, 1989இல் ஏவப்பட்ட கோபே செய்மதி காணவில்லை; அக்கருத்து வீழ்ந்தது. 1999இல் ஏவப்பட்ட சந்திரா, பின்னணியின் பெரும்பகுதியைத் தனித்தனி மூலங்களாகப் பிரித்துக் காட்டியது. அவற்றுட் பெரும்பாலானவை தொலைதூர விண்மீன் திரள்களின் மையத்திலுள்ள கருந்துளைகளைச் சார்ந்தவை. பல, வாயுவாலும் தூசாலும் மறைக்கப்பட்டவை.

முதல் ஆய்வின் இலக்கான சந்திரனும் இவ்வரலாற்றில் மீண்டும் இடம்பெற்றது. 1990இல் றோசற் எடுத்த படத்தில் அதன் இருண்ட பாதி, பின்னணியை மறைக்கும் நிழலாகத் தெரிந்தது. அந்நிழலிலும் எஞ்சியிருந்த மங்கிய ஒளி, சூரியக் காற்றின் அயன்கள் புவியின் புறவளி அணுக்களுடன் மோதுவதால் எழுவதெனப் பின்னர் விளக்கப்பட்டது. பின்னணியெனக் கணக்கிடப்பட்டதன் ஒரு பகுதி எமக்கு மிக அருகிலேயே பிறந்திருந்தது.

மாதிரியுருவே எப்போதும் மேலானது என்பது இதன் பொருளன்று. தவறான மாதிரியுரு தவறான முடிவையே தரும். ஆனால் கழித்தலும் ஓர் எடுகோளே: இரு இடங்களிலும் பின்னணி ஒன்றே என்பது அதிற் சொல்லப்படாமல் அடங்கியுள்ளது. மாதிரியுரு தன் எடுகோளை வெளிப்படையாகச் சொல்லிச் சோதனைக்கு உட்படுத்துகின்றது. எதனைக் கழித்தோம், ஏன் கழித்தோம் என்பதை முடிவுகளுடன் சேர்த்துக் கூறுவது ஆய்வாளரின் கடமையாகும்.