லூமினாலின் வரலாறு

வலிப்பு வந்து ஒருவன் விழுந்தால் அவன் கையில் இரும்புத் திறப்பைத் திணிப்பவர்கள் நம்மிடையே இன்றும் உளர். படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். வகுப்பறையிலேயே நாம் கண்டிருக்கிறோம். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் வலிப்புத் தானாகவே அடங்கிவிடும். புகழ் மட்டும் திறப்பைச் சேரும். இந்நோய் தெய்வத்தின் சினமன்று, மூளையிற் பிறப்பது என்று கி. மு. 400ஐ அண்டிய கிரேக்க மருத்துவ நூலொன்று வாதிட்டது. அதன்பின் பயனுள்ள மருந்தொன்று கிடைக்க இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

கிடைத்த விதமோ விசித்திரமானது. 1857இல் இலண்டனில், விக்டோரியா மகாராணியின் வைத்தியரான சார்ள்ஸ் லோக்கொக், பொட்டாசியம் புரோமைட்டு வலிப்பைத் தடுப்பதாக அறிவித்தார். பெண்கள் சிலரின் வலிப்புக்குப் பாலுணர்ச்சியே காரணம், புரோமைட்டு அதனைத் தணிக்கும் என்பது அவர் எண்ணம். எண்ணம் பிழை, மருந்து சரி.

1912இல் ஜேர்மனியின் பிரைபேர்க் நகரில் அல்பிரட் ஹௌப்ட்மன் என்னும் இளம் வைத்தியர், தூக்க மருந்தாக வந்த பீனோபார்பிற்றலைத் தம் நோயாளருக்குக் கொடுத்தார். அதன் வணிகப் பெயரே லூமினால். உறங்கச் செய்யக் கொடுத்த மருந்து வலிப்பையும் குறைத்தது. ஏன் என்பது அவருக்கும் தெரியாது. அதற்கு விடையளிக்கும் இரசாயனம் அப்போது பிறந்திருக்கவில்லை.

மூளையின் நரம்புக்கலங்களுள் சில பிறவற்றைத் தூண்டுவன, சில அடக்குவன. அடக்கும் கலங்கள் பெரும்பாலும் காபா என்ற பொருளைச் சுரக்கின்றன. அது மூளையில் உண்டென்பது 1950இலேயே அறியப்பட்டது. காபா பட்டதும் அடுத்த கலத்தின் சுவரில் நுண்ணிய வாயிலொன்று திறக்கும்; எதிர் மின்னேற்றமுள்ள குளோரைட்டு அயன்கள் உள்ளே புகும்; கலம் அமைதியடையும். இவ்வடக்கம் தளர்ந்து எண்ணற்ற கலங்கள் ஒருசேரக் கிளர்ந்தெழும்போதே வலிப்பு நேர்கிறது. பீனோபார்பிற்றல் அவ்வாயிலை வழக்கத்திலும் நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. 1938இல் வந்த பெனிற்றோயினின் வழி வேறு. அது தூண்டுதலைக் கடத்தும் சோடியம் வாயில்களைத் தடுக்கிறது.

அளவு மிகுந்தால் நிலைமை மாறும். காபா இல்லாமலே பீனோபார்பிற்றல் அவ்வாயிலைத் திறக்கவல்லது. அப்போது மூச்சை இயக்கும் நரம்பு மையமும் அடங்கிப்போகும். வலிப்பைத் தடுக்கும் அதே செயல்தான் உயிரையும் போக்குகிறது. இதனை ஜேர்மனியிலேயே சிலர் பயன்படுத்தினர்.

1933ஆம் ஆண்டு யூலை 14இல் நாஸி அரசு ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை வலிப்புடையோர் எனத் தீர்ப்பிடப்பட்டவர்களைக் கட்டாயமாக மலடாக்க அது வழிசெய்தது. அச்சட்டத்தின் கீழ், பல்வகை நோயும் குறையும் காட்டி மலடாக்கப்பட்டோர் 1945 வரையில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர். அதனோடும் நிற்கவில்லை. "பயனற்ற வாய்கள்" என்று கணக்கிடப்பட்ட குழந்தைகளை மருத்துவமனைகளிலேயே கொன்றனர். கருவி லூமினால். நாளும் சிறிது கூட்டிக் கொடுக்க, மூச்சுத் தளர்ந்து நுரையீரல் அழற்சி காணும்; இறப்புப் பத்திரத்தில் அவ்வழற்சியே காரணமாக எழுதப்படும். கையொப்பமிட்டவர்கள் பட்டம் பெற்ற வைத்தியர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

ஹௌப்ட்மன் யூதர். 1935இல் ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியை இழந்தார். 1938இல் டாக்கௌ வதைமுகாமில் அடைபட்டார். பின்னர் நாடுவிட்டு ஓடி, 1948இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் இறந்தார். தாம் நோயாளிக்குக் கொடுத்த மருந்து எவர் கைக்குப் போயிற்று என்பதை அவர் அறிந்தாரோ!

1977இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பீனோபார்பிற்றல் இடம்பெற்றது. அதன் விலை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 5 டொலருக்கும் குறைவாக அமையலாம் என்கிறது அந்நிறுவனம். உலகில் வலிப்பு நோயுடையோர் ஏறக்குறைய 5 கோடிப் பேர். தக்க சிகிச்சை கிட்டின் அவர்களுள் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும். எனினும் வறிய நாடுகளில் நால்வரில் மூவருக்கு அச்சிகிச்சை எட்டவில்லை. தூக்க மயக்கம் முதலிய தொல்லைகள் இம்மருந்துக்கு உண்டு. ஆயின் அதைவிடப் பெரிய இடர் வேறொன்று. நெடுநாள் மருந்துண்ட மூளை அதற்கேற்பத் தன் இரசாயனத்தை மாற்றிக்கொள்கிறது. மருந்துச்சாலையில் ஒரு வாரம் அது தீர்ந்துபோனால், அடக்கம் திடீரென அகல, முன்னிலும் கடுமையான வலிப்பு, ஓயாது தொடரும் வலிப்பு, நோயாளியைத் தாக்கக்கூடும்.