தேடிய தேட்டமும் குடும்ப வீடும்: யாழ்ப்பாணம் முதல் ரொறன்ரோ வரை கணவன் மனைவியரிடையே பொருட்பேச்சு

முன்னுரை

கணவனும் மனைவியும் காசைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது தமிழர் மரபன்று என ரொறன்ரோவில் அடிக்கடி கூறக் கேட்கிறோம். யாழ்ப்பாண வரலாறு இக்கூற்றுக்கு இடந்தரவில்லை. குடும்பப் பொருளை வகைபிரித்துப் பெயரிட்டுப் பேசும் தெளிவான வழக்கு அங்கே இருந்தது. ஆனால் அப்பேச்சைப் பேசியோர் மணமக்கள் அல்லர். அது பெற்றோரிடமிருந்து தம்பதியரிடம் கைமாறிய வரலாற்றை இரு சட்டங்களின் துணைகொண்டு இக்கட்டுரை நோக்குகிறது.

தேசவழமை வகுத்த மூன்று பெயர்கள்

ஒல்லாந்த ஆளுநர் சிமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அங்கு நிலவிய வழக்காறுகளைத் தொகுத்தார். 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறைவுற்ற அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டு ஏற்றனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

தேசவழமை குடும்பப் பொருளை மூன்றாகப் பகுத்தது. கணவன் வழி வந்தது முதுசம். மனைவி கொண்டுவந்தது சீதனம். மணவாழ்வில் ஈட்டியது தேடிய தேட்டம். மூன்றாவது பெயர் தனிக் கவனத்துக்குரியது. உழைத்தவர் எவர் என்று அது கேட்பதில்லை. இருவருக்கும் அதில் பங்குண்டு.

இத்தெளிவுக்கு ஓர் எல்லை இருந்தது. சீதனப் பேச்சைப் பெரியவர்கள் திருமணத்துக்கு முன்பே பேசி முடித்தனர்; பிற்காலத்தில் அது நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாகவும் எழுதப்பட்டது. மணமான பின் நிருவாகம் கணவன் கைக்குச் சென்றது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் தனி ஆதனத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் தன் காணியை விற்க அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் தன் காணியை விற்க அவளது சம்மதம் வேண்டியதில்லை.

ஒன்ராறியோவின் கணக்கு

கனடாவிலும் இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. அல்பேட்டாவில் கணவனின் கால்நடைப் பண்ணையில் பல ஆண்டுகள் உழைத்த ஐரீன் மர்டொக்குக்கு அந்நிலத்தில் பங்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்த்தது. அத்தீர்ப்பு எழுப்பிய கண்டனம் மாகாணங்களைச் சட்டச் சீர்திருத்தத்துக்குத் தூண்டியது. ஒன்ராறியோ 1978இல் ஒரு சட்டத்தை இயற்றியது. 1986 மார்ச்சில் இன்றைய குடும்பச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் 155 தமிழர் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்டனர்.

இச்சட்டத்தின் கணக்கு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. பிரியும் தம்பதியரில் ஒவ்வொருவரின் சொத்திலிருந்தும் கடன் கழிக்கப்படும். மணநாளில் கொண்டுவந்ததன் மதிப்பும் கழிக்கப்படும். மணவாழ்வில் வழியுரிமையாகவோ பிறர் கொடையாகவோ வந்தது பொதுவாக விலக்கப்படும். எஞ்சுவது ஏறத்தாழத் தேடிய தேட்டமே. ஒருவருக்கு 100,000 டொலரும் மற்றவருக்கு 40,000 டொலரும் எஞ்சினால், முன்னவர் வித்தியாசத்தின் பாதியாகிய 30,000 டொலரைச் செலுத்த வேண்டும்.

குடும்ப வீட்டில் மட்டும் இந்த ஒப்புமை குலைகிறது. ஊர்க்காணியை விற்றுப் பெற்றோர் விட்டுச்சென்ற காசைத் தம்பதியர் வாழும் வீட்டில் இட்டால், அதற்குரிய விலக்கு அற்றுப்போகும். மணநாளில் ஒருவருக்குச் சொந்தமான வீடு பிரியும் நாளிலும் குடும்ப வீடாக இருந்தால், அதன் மதிப்பையும் கழிக்க இயலாது. சீதன வீட்டுக்கும் விதி இதுவே. வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ கணவனுக்கு மனைவியின் சம்மதமும் மனைவிக்குக் கணவனின் சம்மதமும் வேண்டும். 1911இல் ஒருவழியாயிருந்த சம்மதம் இங்கே இருவழியாகிறது.

பேச வேண்டியோர்

1983க்குப் பின் வந்த குடும்பங்களில் இருவர் சம்பளமும் ஒரே அடமானக் கடனுக்குச் சென்றது. அதே சம்பளத்திலிருந்து சீட்டுக்காசும், ஊருக்கு அனுப்பும் பணமும், தங்கையின் சீதனத்துக்கான கைமாற்றும் போயின. இவற்றுள் பல வாய்ச்சொல்லில் நின்றவை. கைமாற்றைக் கடனாகக் கழிக்கச் சான்று வேண்டும். சான்றில்லாத இடத்தில், அதைக் கழிக்கக் கோரும் துணையே இழப்பைச் சுமக்க நேரும். மணம் செய்யாது சேர்ந்து வாழ்வோர்க்கு ஒன்ராறியோவில் இச்சமப்படுத்தல் இல்லை. அவர்கள் உடன்படிக்கை எழுதிக்கொள்ள வேண்டும், அன்றேல் நீதிமன்றத்தை நாட வேண்டும்.

முடிவுரை

தம்பதியர் தாமே எழுதி, சாட்சி முன் ஒப்பமிட்டு, பொருட்பங்கீட்டை வேறுவிதமாக வகுத்துக்கொள்ள ஒன்ராறியோச் சட்டம் இடமளிக்கிறது. அதை நம்பிக்கையின்மையின் அடையாளமாகக் கொள்வோர், சீதன உறுதியும் முன்கூட்டியே எழுதப்பட்ட உடன்பாடே என்பதை மறந்துவிடுகின்றனர். அன்று அதைப் பேசப் பெரியவர்கள் இருந்தனர். ரொறன்ரோவில் அடமானப் பத்திரத்தில் ஒப்பமிடுவோர் அவ்விருவரே. எது முதுசம், எது சீதனம், எது தேடிய தேட்டம் என்ற பழைய கேள்வியை ஒப்பமிடும் முன் அவர்களே ஒருவரையொருவர் கேட்டாக வேண்டும்.