கிழிச்சுப் போட்ட கடிதமும் பொய்க் கையெழுத்தும்

கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரலை. இன்னிக்கு ஒரு பழைய சண்டையைப் பத்தி எழுதலாம்னு. எழுதக் காரணம் என்னோட ஒரு தப்பு, அதை முதல்லயே சொல்லிடறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொந்தக்காரர் ஒருத்தர் எனக்கு மட்டும்னு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சர்ச் விஷயத்துல ஒரு வாக்குவாதம். அவர் சொல்றது தப்புன்னு காட்டுற வேகத்துல அதை அப்படியே படம் பிடிச்சு குடும்பக் குழுவுல போட்டுட்டேன். வாதத்துல ஜெயிச்சது நான்தான். ஆனா இன்னி வரைக்கும் அவர் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை. அதுக்கப்புறம் ஜான் வெஸ்லியோட நாட்குறிப்பைப் படிச்சப்போ ஒரு இடத்துல அப்படியே நின்னுட்டேன்.

1741 பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. லண்டன்ல பழைய பீரங்கி வார்ப்பாலை ஒன்றை வாங்கி வெஸ்லி ஜெபக்கூடமா மாத்தியிருந்தார். அதனால அதுக்குப் பேரே ஃபவுண்டரி. அன்னிக்கு அங்கே வந்த ஜனங்க கையில எல்லாம் ஒரு அச்சடிச்ச காகிதம். வாசல்லயும் கொடுத்தாங்க, உள்ளேயும் கொடுத்தாங்க. ஜார்ஜ் விட்ஃபீல்ட் வெஸ்லிக்குத் தனிப்பட்ட முறையில எழுதின கடிதம் அது. விட்ஃபீல்ட் அப்போ நாட்டிலேயே இல்லை. அவரையும் கேட்காம, வெஸ்லியையும் கேட்காம யாரோ அச்சுப் போட்டுட்டாங்க. வெஸ்லியோட கொள்கையைத் தாக்குற கடிதம்ங்கறதால அவர் ஆட்கள் நடுவுலயே பரப்பினாங்க.

வெஸ்லி பிரசங்கத்தை முடிச்சிட்டு நடந்ததை உள்ளபடி சொன்னார். விட்ஃபீல்டே இங்கே இருந்தா என்ன செய்வாரோ அதைத்தான் நானும் செய்யறேன்னு சொல்லி, கையில இருந்த பிரதியை எல்லார் முன்னாலயும் கிழிச்சுப் போட்டார். கூட்டத்துல வாங்கி வெச்சிருந்தவங்களும் கிழிச்சாங்க. ரெண்டே நிமிஷத்துல ஒரு முழுப் பிரதி கூட மிஞ்சலைன்னு நாட்குறிப்புல எழுதறார். அதுல எனக்குப் பிடிச்சது, எதிராளி இல்லாத இடத்துல அவர் சார்பா நல்ல எண்ணத்தோட யோசிச்சதுதான்.

சரி, சண்டை எதுக்கு? வெஸ்லி (பிறப்பு 1703), விட்ஃபீல்ட் (1714) ரெண்டு பேரும் ஆக்ஸ்ஃபோர்டு காலத்து நண்பர்கள். 1739-ல பிரிஸ்டல் பக்கத்து நிலக்கரித் தொழிலாளிகளுக்கு வெட்டவெளியில பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சவர் விட்ஃபீல்ட். தயங்கித் தயங்கி நின்ன வெஸ்லியைக் கூப்பிட்டு அந்த வேலையை ஒப்படைச்சதும் அவரே. ஆனா ரட்சிப்பு யாருக்குங்கற கேள்வியில ரெண்டு பேரும் ரெண்டு பக்கம். கடவுள் சிலரை முன்குறித்திருக்கிறார் என்பது கால்வின் வழி வந்த கொள்கை, விட்ஃபீல்ட் அந்தப் பக்கம். கிருபை எல்லாருக்கும் இலவசம், ஏத்துக்கறதும் தள்ளறதும் மனுஷன் கையில என்பது வெஸ்லி பக்கம்.

வெஸ்லி இதைப் பத்தி 1739-ல ஒரு காரமான பிரசங்கம் செஞ்சார். அச்சுல போடாதீங்கன்னு விட்ஃபீல்ட் கேட்டுக்கிட்டார். வெஸ்லி என்ன செஞ்சார்னா, சீட்டுப் போட்டுப் பார்த்தார்! பிரசங்கி, அச்சிடுன்னு வந்துச்சாம். விட்ஃபீல்ட் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினதும் பிரசங்கம் அச்சுல வந்துடுச்சு. (நண்பன் ஊர்ல இல்லாத நேரமா பார்த்து வெளியிட்டது எனக்கு உறுத்தத்தான் செய்யுது.)

விட்ஃபீல்டும் சும்மா இருக்கலை. ஜார்ஜியாவுல அவர் நடத்தின பெதஸ்தா அநாதை இல்லத்திலிருந்து 1740 டிசம்பர் 24 தேதியிட்டு ஒரு பதில் எழுதினார். இது ஃபவுண்டரியில கிழிபட்ட கடிதம் இல்லை, இதை அவரே 1741-ல அச்சுக்குக் கொடுத்தார். பெரும்பாலும் மரியாதையான பதில்தான். ஆனா நடுவுல ஒரு ரகசியத்தை உடைச்சிட்டார். 1738-ல இவர் கப்பல் ஜார்ஜியாவுக்குக் கிளம்பற நேரம், அங்கேயிருந்து திரும்பி வந்த வெஸ்லி இவர் போகலாமான்னு சீட்டுப் போட்டுப் பார்த்து, லண்டனுக்கே திரும்பிடுன்னு சொல்லி அனுப்பியிருந்தார். இவர் கேட்காம போயிட்டார், போன இடத்துல வேலையும் நல்லா நடந்தது. அந்தச் சீட்டு பொய்யாப் போன மாதிரி இதுவும் பொய்யா இருக்கலாமேங்கறது வாதம். வாதம் சரிதான். ஆனா அது நம்பிக்கையில சொன்ன விஷயம், ஊரே சிரிச்சிருக்கும். 1741 மார்ச்ல ரெண்டு பேரும் நேர்ல பார்த்தப்போ, நீங்க பிரசங்கிக்கிற சுவிசேஷம் வேற, என்னுது வேறன்னு விட்ஃபீல்ட் முகத்துக்கு நேரா சொல்லிட்டார்.

அதே வருஷம் அக்டோபர்ல ஸ்காட்லாந்து அபர்டீனிலிருந்து அவர் ஒரு கடிதம் போட்டார். சீட்டு விஷயத்தை வெளியே சொன்னதுக்கு வருந்தறேன், மன்னிச்சிடுங்கன்னு. தன் கொள்கையை ஒரு எழுத்து கூட விட்டுக்கொடுக்கலை. ரகசியத்தை உடைச்சதுக்கு மட்டும் மன்னிப்பு. இப்படிப் பிரிச்சுப் பார்க்க எத்தனை பேருக்கு வரும்? (எனக்கு வரலை. அந்தச் சொந்தக்காரருக்கு இன்னும் எழுதலை. மூணு தடவை ஆரம்பிச்சு, நான் சொன்ன விஷயம் சரின்னாலும்... அப்படின்னு தொடங்கி அழிச்சிட்டேன்.)

அப்புறம் ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டாங்க. ஒரே அமைப்பா சேரலை, ஆனா ஒருத்தர் மேடையில இன்னொருத்தர் பேசற அளவுக்கு நட்பு திரும்பிச்சு. 1770 செப்டம்பர் 30-ல விட்ஃபீல்ட் அமெரிக்காவுல நியூபரிபோர்ட்ல இறந்தார். அவர் விருப்பப்படியே லண்டன்ல நவம்பர் 18-ஆம் தேதி நினைவுப் பிரசங்கம் செஞ்சவர் வெஸ்லி.

இதோட நிறுத்தினா கதை அழகா இருக்கும். ஆனா வெஸ்லி அப்படி ஒரே வார்ப்புல வார்த்த ஆள் இல்லைங்க.

அதே 1770. அகஸ்டஸ் டாப்ளடின்னு முப்பது வயசு கூட ஆகாத ஒரு இளம் போதகர், முன்குறிப்பு பத்தின ஒரு பழைய லத்தீன் நூலை மொழிபெயர்த்து வெளியிட்டிருந்தார். வெஸ்லி அதைச் சுருக்கி ஒரு சிறு பிரசுரம் போட்டார். கடைசியில தானா ஒரு பத்தி சேர்த்தார். இருபது பேர்ல ஒருத்தருக்கு மோட்சம், பாக்கி பேருக்கு நரகம், யார் என்ன செஞ்சாலும் மாறாதுங்கற தொனியில. கீழே டாப்ளடியோட பேர் முதலெழுத்துக்களைப் போட்டு, அவரே கையெழுத்து வெச்ச மாதிரி முடிச்சிட்டார்! கிண்டல்னு சிலர் சமாதானம் சொல்வாங்க. எனக்கு அது பொய்க் கையெழுத்துதான். பணப் பத்திரத்துல இப்படிச் செஞ்சா தூக்குல போடுற காலம் அது. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இன்னொருத்தர் எழுத்தோட மானத்தைக் காப்பாத்தினவரும் இவரேதான்.

டாப்ளடிக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனா வாய் ரொம்ப நீளம். வெஸ்லியோ, இந்த அழுக்கு ஆளோட நான் கைகலக்கமாட்டேன், புகைபோக்கி சுத்தம் பண்றவனோட மோதினா என் விரல்தான் கரியாகும்னு ஒரு கடிதத்துல எழுதிட்டு, பதில் சொல்ற வேலையைச் செருப்புத் தொழிலாளியா இருந்து போதகரான தாமஸ் ஆலிவர்ஸ்கிட்ட விட்டார். டாப்ளடி அவர் தொழிலைச் சொல்லியே கேலி பண்ணார். ஒருத்தர் கரி துடைக்கிறவனைக் கேவலமா சொல்றார், இன்னொருத்தர் செருப்பு தைக்கிறவனை. யார் கொள்கை சரின்னு பார்க்கவே மனசு வரமாட்டேங்குது.

1775-ல அமெரிக்கக் குடியேற்றக்காரங்களுக்கு வெஸ்லி ஒரு பிரசுரம் எழுதினார். அதுல நிறைய சாமுவேல் ஜான்சன் எழுதினது, பேர் சொல்லாம எடுத்தது. டாப்ளடி விடுவாரா, கிழவன் நரியைத் தார் பூசி இறகு ஒட்டறேன்னு தலைப்பு வெச்சே ஒரு பிரசுரம் போட்டு அம்பலப்படுத்தினார். (வேடிக்கை என்னன்னா ஜான்சன் கோபப்படலை, நன்றி சொல்லி வெஸ்லிக்கு எழுதினார்!)

இந்த அமளியில கொஞ்சம் நிதானமா தெரியறவர் ஜான் ஃப்ளெட்சர். சுவிட்சர்லாந்துல பிறந்து, இங்கிலாந்துல மேட்லிங்கற சுரங்க ஊர்ல போதகரா இருந்தவர். வெஸ்லி பக்கத்துக்காக 1771-லிருந்து வரிசையா புத்தகம் எழுதினார். முதல் புத்தகம் அச்சுல இருந்தப்போ எதிர்த் தரப்பு சமாதானத்துக்கு வந்துட்டதா கேள்விப்பட்டு, வெளியிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டார். வெஸ்லி வெளியிட்டுட்டார்! ஃப்ளெட்சர் வாதத்துல கூர்மையானவர், சில இடத்துல குத்தவும் செய்வார். ஆனா பின்னாடி உடம்பு முடியாமப் போனப்போ, தன்னை எதிர்த்து எழுதினவங்களைத் தேடிப் பார்த்து சமாதானம் பண்ணிக்கிட்டார்.

எதிர்ப்பக்கம் ஜான் நியூட்டன். ஒருத்தருக்கு எதிரா எழுதக் கிளம்பின போதக நண்பருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். முதல்ல அந்த ஆளுக்காக ஜெபம் பண்ணிட்டு எழுது, அவன் விசுவாசின்னா நாளைக்குப் பரலோகத்துல பக்கத்துல உட்காரப் போறவன்ங்கறது சாரம். இவ்வளவு மென்மையா எழுதின நியூட்டன் 1754 வரைக்கும் அடிமைக் கப்பல் கேப்டன். அதைப் பத்தி வெளிப்படையா ஒரு பிரசுரம் போட 1788 ஆச்சு. விட்ஃபீல்டோ தன் அநாதை இல்லத்துக்கே அடிமைகளை வெச்சிருந்தார், ஜார்ஜியாவுல அதைச் சட்டமாக்கணும்னு வாதாடினவர். கடுமையா சண்டை போட்ட வெஸ்லிதான் 1774-லயே அடிமை முறைக்கு எதிரா எழுதினார். சக போதகர்கிட்ட எப்படிப் பேசணும்னு இவ்வளவு யோசிச்சவங்க, விலை கொடுத்து வாங்கின மனுஷங்களைப் பத்தி எவ்வளவு தாமதமா யோசிச்சாங்கங்கறதையும் சேர்த்தே எழுதணும்னு தோணுது.

டாப்ளடி காசநோயில 1778 ஆகஸ்ட்ல போயிட்டார், வயசு 37. சாகறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, அவர் கொள்கையை மாத்திக்கிட்டார், வெஸ்லியைப் பார்க்க ஆசைப்படறார்னு ஒரு வதந்தி. இருமிக்கிட்டே லண்டன்ல பிரசங்க மேடை ஏறி, இல்லவே இல்லைன்னு மறுத்துட்டு வந்தார். ரெண்டு பேரும் சமாதானம் ஆகாமலேயே முடிஞ்சுது.

அவர் 1776-ல வெளியிட்ட பாட்டைத்தான் நாம 'பிளவுண்ட மலையே'ன்னு பாடறோம். கிறிஸ்துமஸுக்குப் பாடற 'ஹார்க் த ஹெரால்ட்' வெஸ்லியோட தம்பி சார்ல்ஸ் எழுதினது, அதோட முதல் வரியை இன்னிக்கு இருக்கிற மாதிரி மாத்தினவர் விட்ஃபீல்ட். 1947 செப்டம்பர் 27-ல சென்னை கதீட்ரல்ல தென்னிந்தியத் திருச்சபை உருவானப்போ வெஸ்லி வழி மெதடிஸ்டுகளும் கால்வின் வழி வந்த சபைகளும் ஒண்ணா சேர்ந்தாங்க. போன ஞாயிறு எங்க சர்ச்ல டாப்ளடி பாட்டைத்தான் பாடினாங்க. ரெண்டு பெஞ்ச் தள்ளி அந்தச் சொந்தக்காரரும் இருந்தார், அவர் குரல் நல்லா கேட்டுது.