பச்சைக் கோலமும் தோட்டத்து மக்களும்

உடம்பில் ஊசியாற் குத்தி அழியாக் கோலம் வரைந்துகொள்வது மனித குலத்தின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ளிருந்து 1991ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவனின் உடலில் 61 குறிகள் எண்ணப்பட்டுள்ளன. இதனைத் தமிழர் பச்சை குத்துதல் என்பர். கரிய மை தோலின் கீழ்ப் படிந்தபின் நீலமும் பச்சையும் கலந்த நிறங் காட்டும். ஆதலின் அப்பெயர் பொருத்தமுடையது. இலங்கையின் சபரகமுவத் தோட்டங்களில் இவ்வழக்கத்தின் வரலாறு, அங்கு வந்து குடியேறிய மக்களின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழர் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலையும் இறப்பரும் அவ்விடத்தைப் பிடித்தன. களனிப் பள்ளத்தாக்கு இரயில் பாதை 1902இல் அவிசாவளையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. கேகாலை, யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இரக்குவானைப் பகுதிகளின் தோட்டங்களில் இம்மக்கள் வேரூன்றினர். அவர்கள் கொண்டுவந்த பொருள்கள் சிலவே. குலதெய்வ வழிபாட்டையும், காமன் கூத்தையும், பறையிசையையும் நெஞ்சில் தாங்கி வந்ததுபோலப் பச்சைக் கோலத்தைக் கையில் தாங்கி வந்தனர்.

அக்கலை எவ்வாறு நடந்ததென்பதற்குச் சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்த குறிப்புகள் சான்றாகின்றன. அவரது ஏழு தொகுதி நூல் 1909இல் வெளிவந்தது. குறவர் குலப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று பச்சை குத்தினர். மஞ்சளையும் அகத்தியிலையையும் அரைத்துத் துணியிற் பூசி, அதனைத் திரியாகத் திரித்து ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். விளக்கின்மேற் கவிழ்த்த புதுப் பானையிற் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை ஆயத்தமாகிவிடும். முதலிற் கோலத்தை வரைந்து, பின்னர் ஊசிகளாற் குத்துவர். வலி தோன்றாதிருக்கக் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாள். கூலியாக அரிசியும் வெற்றிலையும் பெறுவாள்.

தேள், மீன், பறவை, பூ என்பன பழகிய உருவங்கள். புள்ளியிட்டு இழை சுற்றும் வாசற்கோலமும் தோலில் ஏறியது. முன்னங்கையிற் பெயரைத் தமிழெழுத்தாற் பொறிப்பதும் உண்டு. ஒருவேளை எழுத்தறியாத பெண்ணுக்கு அவள் வாழ்நாளிற் சொந்தமாக வாய்த்த ஒரே எழுத்து அதுவாக இருந்திருக்கலாம். தாலியையும் தோட்டையும் வறுமை அடகுக்கடைக்கு அனுப்பிவிடும்; பச்சையோ சுடுகாடுவரை உடன்வரும். இறந்தபின்னும் கூடவரும் அணி இதுவே என்னும் நம்பிக்கை இந்தியாவின் பல பகுதிகளில் வேரூன்றியிருந்தது. பொன்னில்லாதவரின் பொன் என அதனைச் சொல்லலாம்.

இதே காலத்தில் ஆட்சியாளரும் மக்கள் உடலிற் குறியிட்டனர் என்பது கருதத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியக் குற்றவாளிகளின் நெற்றியிற் குற்றத்தைப் பச்சையாகக் குத்தும் தண்டனை 1849இலேதான் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளிக்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை கொடுக்கப்பட்டது. வழிச்செலவு எந்தத் தோட்டத்தின் கணக்கில் ஏறவேண்டுமென்பதை அது சொல்லும். தொழிலாளியின் கடனைத் தாங்கிய துண்டு முறை 1921இல் நீக்கப்பட்டது. தகர வில்லை ஒருவனை இன்ன தோட்டத்தவன் எனச் சொன்னது. பச்சையோ அவனை இன்ன குடும்பத்தவன், இன்ன தெய்வத்தை வணங்குபவன் எனச் சொன்னது. முன்னது பிறர் இட்ட இலக்கம். பின்னது தானே விரும்பி ஏற்ற அடையாளம்.

உலகின் வேறு பகுதிகளிலும் இத்தகைய குறிகளுக்கு வரலாறு உண்டு. 922ஆம் ஆண்டில் வொல்கா ஆற்றங்கரையில் வட ஐரோப்பிய வணிகரைக் கண்ட அராபியத் தூதர் இபன் பத்லான், அவர்களது உடல் விரல்நுனி முதற் கழுத்துவரை மரங்களும் உருவங்களுமாகக் கருமை கொண்டிருந்ததென எழுதினார். அது பச்சையா, வெறும் பூச்சா என்பதில் அறிஞர் ஒருமிக்கவில்லை. இன்றோ பழைய நோர்ஸ் மக்களின் சின்னமெனச் சொல்லப்படும் வழிகாட்டிக் குறியைப் பல நாட்டு இளைஞர் குத்திக்கொள்கின்றனர். வழி தவறாதிருக்க உதவுமென்னும் அக்குறி, 1860இல் ஐஸ்லாந்திற் தொகுக்கப்பட்ட கையெழுத்துச் சுவடி ஒன்றிலேயே காணப்படுகிறது. வைக்கிங் காலம் அதற்கு எண்ணூறு ஆண்டு முற்பட்டது. ஏட்டில் ஏறிய குறிக்கு உலகம் பிற்காலத்திற் பழமை கற்பித்தது. தோட்டத்துப் பச்சைக்கோ உண்மைப் பழமை உண்டு, ஏடுதான் இல்லை.

இக்குறை சிறியதன்று. 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் நிறைவேறிய சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் முடிவைப் பின்னர் தீர்க்க விட்டது. ஒரே லயத்து உறவினர் இரு நாட்டினராயினர். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களும் துன்புற்றன. பலர் வவுனியா நோக்கிப் பெயர்ந்தனர். எரிந்த லயத்தில் பிறப்புச் சான்று சாம்பலாகலாம். கையிலுள்ள பெயர் சாம்பலாகாது. ஆயினும், அச்சம் சூழ்ந்த வேளையில் முன்னங்கைத் தமிழெழுத்தை மறைப்பதும் எளிதன்று. காக்கும் அடையாளமே காட்டிக்கொடுக்கவும் வல்லது.

2003ஆம் ஆண்டுச் சட்டம், நாடற்றவராய் எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைக் குடியுரிமை அளித்தது. சட்டத்தின் ஏட்டிற் பெயர் ஏறிவிட்டது. பாட்டிமாரின் கைகளிலுள்ள ஏடோ படிப்பாரின்றி மறைந்து வருகிறது. ஒவ்வொரு மூதாட்டியோடும் ஒரு கோலமும், அதன் பொருளும், அதனைக் குத்திய நாளின் கதையும் சுடலைக்குச் செல்கின்றன. புதுத் தலைமுறை பழைய முறையிலேயே குத்திக்கொள்ள வேண்டுமென்பதில்லை. ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினால் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் பரவும். செய்யத்தக்கது வேறு. தோட்டப் பாடசாலை மாணவர் தம் பாட்டியரின் கைகளிலுள்ள கோலங்களை அவர்தம் இசைவோடு தாளில் வரைந்து, அவர் சொல்லும் பொருளை அவர் மொழியிலேயே எழுதிவைத்தல் வேண்டும். அதற்கு ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். அவ்வாறு செய்யின், ஐஸ்லாந்தின் குறிக்கு ஒரு சுவடி வாய்த்ததுபோல, இறப்பர்ப் பால் வெட்டிய கைகளின் கோலத்துக்கும் ஒரு சுவடி வாய்க்கும்.