சாளர ஏற்றி (தானுந்து)

சாளர ஏற்றி என்பது தானுந்துக் கதவின் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்தும் பொறியமைப்பு ஆகும். பழுதுபார்க்கும் பட்டறைகளில் இது விண்டோ ரெகுலேட்டர் என வழங்கப்படுகிறது. கண்ணாடி சாயாமல் நேராக ஏறி இறங்க உதவும் உலோகத் தண்டவாளம், அதில் வழுக்கிச் செல்லும் நெகிழித் துண்டு, கண்ணாடியின் ஓரங்களைத் தாங்கும் ரப்பர் பள்ளம் ஆகியன வழிகாட்டி உறுப்புகள் எனப்படும்.

அமைப்பு

சாளர ஏற்றிகள் பெரும்பாலும் இரு வகைப்படும். கத்தரிக்கோல் வகையில், பற்கள் கொண்ட வில் வடிவத் தகடு குறுக்குக் கைகளை விரித்துக் கண்ணாடியை உயர்த்துகிறது. வட வகையில், உருளையில் சுற்றப்பட்ட எஃகு வடம் நெகிழித் துண்டைத் தண்டவாளத்தின் வழியே இழுக்கிறது. இவற்றைக் கைப்பிடியோ மின்னோடியோ இயக்கும். 1940 இல் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் நீர்ம அழுத்தத்தால் இயங்கும் சாளரங்களை அறிமுகப்படுத்தியது.

தளர்வு

கதவை அறைந்து சாத்துவதாலும் சாலை அதிர்வாலும் தண்டவாளத்தின் போல்ட்டுகள் நாளடைவில் தளர்கின்றன. நெகிழித் துண்டுகள் வெயிலிலும் குளிரிலும் நொறுங்கும் தன்மை அடைகின்றன. வழிகாட்டி தளர்ந்தால், ஒரு பக்கம் மட்டும் பிடித்து இழுக்கப்பட்ட மேசை இழுப்பறையைப் போலக் கண்ணாடி சாய்ந்து சிக்கிக்கொள்ளும். கதவைச் சாத்தும்போது கடகடவென்ற ஒலியும், ஓட்டத்தில் காற்றிரைச்சலும் கேட்கும்.

இந்நிலையில் மின்னோடி திணறுவதால், பழுது மின்னோடியில் இருப்பதாகவே பலரும் கருதுகின்றனர். ஆனால் தளர்வு நீங்காதவரை புதிய மின்னோடியும் அதே சுமையையே இழுக்க வேண்டியிருக்கும். 1997 இல் வெளிவந்த நான்காம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃப் வண்டிகளில், கண்ணாடியைப் பற்றியிருந்த நெகிழிப் பிடிகள் முறிந்து கண்ணாடி கதவுக்குள் விழுந்தது பரவலாக அறியப்பட்ட பழுதாகும். பின்னர் உலோகப் பிடிகள் மாற்றாகக் கிடைத்தன.

சரிசெய்தல்

முதலில் மின்கல இணைப்பைத் துண்டித்து, உட்பலகையைக் கழற்ற வேண்டும். ஏற்றியைக் கழற்ற நேர்ந்தால், கண்ணாடியை மேலே உயர்த்தி வலுவான ஒட்டுநாடாவால் கதவுச் சட்டத்துடன் பிணைப்பது இன்றியமையாதது. கத்தரிக்கோல் வகையில் சுருள்வில் இறுக்கத்துடன் இருப்பதால், தாங்கல் நீங்கியதும் கைகள் திடீரெனச் சுழன்று விரல்களை நசுக்கக்கூடும்.

பல வண்டிகளில் தண்டவாளத்தின் போல்ட் துளைகள் நீள்வட்டமாக இருக்கும். இது பிழையன்று, நிலையைச் சீராக்கும் பொருட்டே அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. எனவே போல்ட்டுகளை உடனே இறுக்கக் கூடாது. அவற்றைத் தளர்வாக வைத்துக் கண்ணாடியை முழுதும் உயர்த்தினால், அது ரப்பர் பள்ளத்தில் தானாகப் பொருந்தும். அந்நிலையில் மேல் போல்ட்டுகளையும், கண்ணாடியைத் தாழ்த்தியபின் கீழ் போல்ட்டுகளையும் இறுக்க வேண்டும். கண்ணாடியைப் பற்றும் போல்ட்டுகளுக்கு ரப்பர் அல்லது நெகிழி வளையம் தேவை. மிகையாக இறுக்கினால், வலுவூட்டப்பட்ட கண்ணாடி ஒரே நொடியில் சிறு துண்டுகளாகச் சிதறும்.

உலோகத் தண்டவாளத்திற்கு வெண்ணிற லித்தியம் மசகு ஏற்றது. ரப்பர் பள்ளத்திற்குச் சிலிக்கோன் தெளிப்பே தகும். கனிம எண்ணெய் ரப்பரை உப்பச் செய்து, சிக்கலை மீண்டும் உண்டாக்கும்.

உட்பலகைக்குப் பின்னுள்ள நெகிழித் தாளைக் கிழிக்காமல் மீண்டும் ஒட்ட வேண்டும். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் கதவின் அடித்துளைகளால் வெளியேறுகிறது. தாள் இல்லையெனில் அந்நீர் வண்டியின் தரைவிரிப்பை நனைக்கும்.