தாது வருஷமும் ரங்கூன் அரிசியும்

வழக்கமாக உரம், விதைநேர்த்தி, பூச்சிமருந்து என்று பேசுகிறவன் நான். இந்த வாரம் கொஞ்சம் பழைய கதை சொல்லப் போகிறேன். நெல் விலையைப் பற்றியதுதான், அதனால் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

நம் மதுரைச் சீமையில் பெரியவர்கள் "தாது வருஷப் பஞ்சம்" என்று சொல்லுவார்களே, அது 1876-ஆம் ஆண்டு தொடங்கியது. மழை பொய்த்தது, கண்மாய்கள் வறண்டன, அடுத்த ஆண்டும் சரியாகப் பெய்யவில்லை. 1878 வரை தென்னிந்தியா முழுவதும் செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

மழை இல்லை, விளைச்சல் இல்லை, ஜனங்கள் செத்தார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் ஒரு விஷயம் உதைக்கிறது. மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். அடுத்த வருஷமே தூத்துக்குடித் துறைமுகம் வரை தண்டவாளம் போட்டாகிவிட்டது. வெளியிலிருந்து தானியம் கொண்டுவர வழி இருந்தது, கொண்டும் வந்தார்கள். அப்புறம் ஏன் சாவு? விலைதான். ரயில் ஏழை இருக்கிற ஊருக்குப் போகாது, விலை கிடைக்கிற ஊருக்குத்தான் போகும். விளைச்சல் இருந்த ஊர்களிலும் வியாபாரி மூட்டையை ஸ்டேஷனுக்கு ஓட்டினான், அங்கேயும் விலை ஏறியது. கூலிக்காரன் கையில் காசு ஏது? வயல் வேலை நின்று மாதக் கணக்காகிவிட்டது.

வைஸ்ராய் லிட்டன் பிரபு தானிய வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமைக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. பஞ்ச நிவாரண வேலையில் கல் உடைத்த ஆம்பிளைக்கு, சர் ரிச்சர்டு டெம்பிள் போட்ட உத்தரவுப்படி, நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோ கூட இல்லை. நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்கிறவனுக்கு இது போதுமா என்று நீங்களே சொல்லுங்கள். மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் போதாது என்று சண்டை போட்ட பிறகு, சில மாதம் கழித்துத்தான் கூலியைக் கூட்டினார்கள்.

நடக்கத் தெம்பு இருந்தவர்கள் கடல் தாண்டி இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். மிஞ்சியவர்களுக்குக் கிடைத்த ஒரே நல்லது பெரியாறு. முன்பே பேசிப் பேசிக் கிடப்பில் இருந்த அந்தத் திட்டம் பஞ்சத்துக்குப் பிறகு வேகம் பிடித்தது. 1887-ல் வேலை தொடங்கி, பென்னிகுயிக் முடித்து, 1895-ல் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்தது. மேலூர்ப் பக்கம் நெல் வயல் விரிந்தது அதனால்தான்.

இனி ரங்கூனுக்கு வருவோம். சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்த பிறகு பர்மாவின் ஐராவதி டெல்டாவில் காட்டை அழித்து நெல் போட்டார்கள். அதற்குக் கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவர்கள் நம் செட்டிநாட்டார். அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் போன கூலிகளில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். அந்த அரிசி மலிவாக நம் துறைமுகங்களில் இறங்கியது. 1930-க்குப் பிறகு உலகமெங்கும் விலை சரிந்தபோது பர்மா அரிசி இன்னும் மலிந்து, தஞ்சாவூர் விவசாயி தன் நெல்லை விற்க முடியாமல் தவித்தார். வாங்கித் தின்றவர்களுக்கோ சந்தோஷம். மலிவாக வருகிற அரிசி என்றைக்கும் வரும் என்று நம்பிவிட்டார்கள்.

1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்த அரிசி நின்றுபோனது. மறு வருஷம் வங்காளத்தில் சுமார் முப்பது லட்சம் பேர் மாண்டார்கள். பர்மா அரிசி நின்றது மட்டும் காரணமல்ல, யுத்தச் செலவில் விலை ஏறியது, பதுக்கல் நடந்தது. இங்கும் ரேஷன் வந்தது. ராஜாஜி 1952 ஜூனில் கட்டுப்பாட்டை எடுத்தார். 1965-லும் 1966-லும் மழை ஏமாற்ற, அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நாடே உட்கார்ந்திருந்தது. 1966-ல் மட்டும் இறக்குமதி ஒரு கோடி டன். இந்திய உணவுக் கழகம் 1965-ல் ஆரம்பித்தபோது முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் வைத்தார்கள். ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 எல்லாம் அந்தச் சமயத்தில் வந்தவைதான், உங்களில் மூத்தவர்கள் பயிரிட்டிருப்பீர்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். உலகச் சந்தைக்கு வருகிற அரிசியில் சுமார் நாற்பது சதவீதம் இந்தியாவுடையது. ஒரு காலத்தில் நமக்கு ரங்கூன் எப்படியோ, இன்றைக்கு செனகலுக்கும் பெனினுக்கும் நாம் அப்படி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உலகில் விளைகிற அரிசியில் பத்தில் ஒரு பங்குதான் ஏற்றுமதிக்குப் போகிறது, மீதி விளைந்த நாட்டிலேயே சாப்பிடப்படுகிறது. வாய்க்கால் சின்னது. தலைமடைக்காரன் மடையை அடைத்தால் கடைமடை உடனே காயும்.

2007 அக்டோபரில் நாம் அடைத்தோம், வியட்நாமும் கட்டுப்படுத்தியது. 2008 தொடக்கத்தில் டன் சுமார் 400 டாலருக்கு விற்ற தாய்லாந்து அரிசி சில மாதத்தில் 900-ஐத் தாண்டியது. பிலிப்பைன்ஸில் அரிசிக்கு வரிசை, ஹைத்தியில் கலவரம், பிரதமர் பதவியே போனது. உலகில் அரிசி விளையாமல் போகவில்லை அய்யா, தாது வருஷம் மாதிரி வாங்க முடியாத விலைக்குப் போய்விட்டது. 2023 ஜூலை 20-ல் பாசுமதி அல்லாத பச்சரிசிக்கு மறுபடி தடை. 2024 செப்டம்பரில் எடுத்தார்கள். 2025-ல் விலை விழுந்தது, இந்த முறை தவித்தது தாய்லாந்து விவசாயி.

தடை போட்டால் நம் நெல்லுக்கு விலை இறங்குகிறதே என்று நீங்கள் கேட்பது நியாயம். உள்ளூரில் ரேஷன் அரிசி குறையக் கூடாது என்பதும் நியாயம்தான். என் அபிப்பிராயம், சொல்லாமல் கொள்ளாமல் மடையை அடைப்பதுதான் தப்பு. கிட்டங்கியில் போதுமான இருப்பு உள்ளபோது, அறுவடைக்கு முன்பே இன்ன அளவு வெளியே போகும் என்று அறிவித்துவிட்டால் நீங்களும் அதற்குத் தகுந்த ரகம் போடலாம், செனகல்காரனும் வேறு இடத்தில் சொல்லி வைப்பான்.

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர்கள் வீட்டுக் குலுக்கையில் வரகு பல வருஷம் கெடாமல் கிடந்தது. ரயிலும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். இப்போது குலுக்கை எத்தனை வீட்டில் இருக்கிறது? நான் போகிற ஊர்களில் உடைந்ததாக ஒன்றிரண்டு பார்த்தேன், கோழி அடைத்து வைத்திருந்தார்கள்.