ஆயிரம் வருஷம் கழிச்சுப் பிறக்கப்போற நண்பர்கள்... 'லீஜியன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' டீமை ரசிகர்கள் ஏன் கைவிடவே இல்லை?

ஸ்கூல் முடிஞ்சு வீட்டுக்கு நடந்து போயிட்டிருக்கீங்கனு வெச்சுக்கோங்க. முன்பின் பார்த்திராத மூணு பேர் எதிரே வர்றாங்க. யாருக்கும் தெரியாத உங்க ரகசியம் அந்த மூணு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. 'நாங்க ஆயிரம் வருஷம் தள்ளியிருக்கிற காலத்துல இருந்து வந்திருக்கோம். எங்க கிளப்ல சேர்றீங்களா?'னு கேட்கிறாங்க. என்ன பண்ணுவீங்க?

1958 ஏப்ரல் மாத 'அட்வெஞ்சர் காமிக்ஸ்' 247-வது இதழில் சூப்பர்பாய்க்கு நடந்தது இதுதான். ஓட்டோ பைண்டர் எழுதி, அல் பிளாஸ்டினோ வரைந்த கதை. காந்த சக்திகொண்ட காஸ்மிக் பாய், அடுத்தவர் மனசைப் படிக்கிற சாட்டர்ன் கேர்ள், மின்னலை வீசும் லைட்னிங் பாய். (அடுத்தடுத்த கதைகளில் இவர் பேர் லைட்னிங் லாட் ஆயிடுச்சு.) மூணு பேரும் டீன் ஏஜ் பசங்க. சூப்பர்பாயை எதிர்காலத்துக்குக் கூட்டிட்டுப் போய், கிளப்ல சேர டெஸ்ட் வைக்கிறாங்க. ஒவ்வொரு போட்டியின் நடுவிலும் எங்கேயோ ஓர் ஆபத்து வருது. சூப்பர்பாய் அதைச் சரிபண்ணப் போயிடுறான், போட்டியில தோத்துடுறான். 'இவனா பெரிய ஹீரோ'ங்கிற மாதிரி எல்லாரும் கிண்டல் பண்றாங்க. கடைசியிலதான் தெரியுது, அத்தனையும் திட்டம் போட்டு நடத்தின ராகிங். தோத்தாலும் முகம் சுளிக்காம இருக்கானா என்பதுதான் உண்மையான டெஸ்ட்.

அந்த ஒரு கதையோட முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம் இது. ஆனா, படிச்ச பசங்க விடலை. அந்த மூணு பேரும் மறுபடி எப்போ வருவாங்கனு கடிதம் எழுதிட்டே இருந்தாங்க. 1959 டிசம்பர்ல 267-வது இதழில் திரும்பக் கொண்டுவந்தாங்க. 1962-ல 300-வது இதழில் இருந்து அட்வெஞ்சர் காமிக்ஸ்ல லீஜியனுக்குனு நிரந்தர இடமே கிடைச்சது. வாசகர்கள் கேட்டுக் கேட்டு வாங்கின டீம் இது. அதனாலயோ என்னவோ, இது தங்களோட சொத்துங்கிற நினைப்பு இந்த ரசிகர்களுக்கு அன்னைக்கு ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் போகலை.

அவெஞ்சர்ஸ், ஜஸ்டிஸ் லீக் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அங்கே இருக்கிறவங்க பெரியவங்க. ஆளாளுக்குத் தனி வேலை, தனி ஊர், தனி ஈகோ. லீஜியன் அப்படி இல்லை. இது பசங்க நடத்துற கிளப். அதுக்குனு ஒரு சட்டப் புத்தகம் இருக்கு, தலைவர் தேர்தல் இருக்கு, பறக்கிறதுக்கு ஆளுக்கொரு மோதிரம் இருக்கு. பல கிரகங்கள்ல இருந்து வந்தவங்க என்பதால், தோல் நிறம் பச்சையா இருக்கலாம், ஆரஞ்சா இருக்கலாம், தலையில ஆன்டெனாகூட இருக்கலாம். உறுப்பினர் ஆகணும்னா வேற யாருக்கும் இல்லாத ஒரு சக்தி வேணும், வயசு 18-க்குள்ள இருக்கணும். இந்த வயசு ரூல்ல சிக்கினது யார் தெரியுமா? சூப்பர்கேர்ள். 1960-ல வந்த கதையில, சிவப்பு கிரிப்டோனைட் பட்டு தற்காலிகமா பெரியவளா மாறிட்டதால, 'வயசு ஜாஸ்தி'னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. அடுத்த வருஷம்தான் சேர்த்துக்கிட்டாங்க.

சூப்பர்கேர்ளுக்கே இந்தக் கதினா மத்தவங்க நிலைமை? இன்டர்வியூல ரிஜெக்ட் ஆகி பஸ் ஏறி வீட்டுக்கு வந்த அனுபவம் உங்களுக்கு இருந்தா, 1963-ல 306-வது இதழில் வந்த 'லீஜியன் ஆஃப் சப்ஸ்டிட்யூட் ஹீரோஸ்' கதையைத் தேடிப் படிங்க. லீஜியன் வேணாம்னு சொன்ன ஐந்து பேர் அதில் வர்றாங்க. போலார் பாய் குளிரை உண்டாக்குவான். நைட் கேர்ளுக்கு இருட்டுல மட்டும்தான் பலம் வரும். ஃபயர் லாட் வாயால நெருப்பு விடுவான். குளோரோஃபில் கிட் செடிகளைச் சட்டுனு வளர வைப்பான். ஸ்டோன் பாய் கல்லா மாறுவான். மாறினதும் அசையக்கூட முடியாது! இவங்களே ஒரு டீம் ஆரம்பிச்சு, லீஜியன் வேற வேலையில இருக்கும்போது யாருக்கும் தெரியாம ஊரைக் காப்பாத்துறாங்க. பின்னாடி வந்த எழுத்தாளர்கள் இவங்களை வெறும் காமெடி பீஸாக்கினது எனக்குப் பிடிக்கலை. ஆனா 1980-களில் போலார் பாய் லீஜியனில் சேர்ந்து, தலைவராவே ஆனான். கதவைச் சாத்தின வீட்டுலயே தலைவர்!

தலைவர் தேர்தல்னு சொன்னேன் இல்லையா, அதுல பல தடவை ஓட்டுப் போட்டது வாசகர்கள்தான். பிக் பாஸுக்கு நாம போன்ல ஓட்டுப் போடுற மாதிரி, அவங்க தபால்ல போட்டாங்க. ஜெயிச்சவர்தான் அடுத்தடுத்த கதைகள்ல தலைவர். எழுத்தாளர் அதுக்கேத்த மாதிரி எழுதியாகணும். புது ஹீரோக்களுக்கு வாசகர்கள் எழுதி அனுப்பின ஐடியாக்களையும் இதழில் அச்சடிச்சாங்க.

இதோட உச்சம் ஒரு பையன். பேர் ஜிம் ஷூட்டர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம், இரும்பு ஆலைகள் நிறைஞ்ச ஊர். 1951-ல பிறந்தவர். வீட்டுல பணக் கஷ்டம். 12 வயசுல ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ காமிக்ஸ் கட்டு ஒண்ணு கையில கிடைச்சது. மார்வெல் கதைகள் சுவாரஸ்யமா இருக்கு, டி.சி. கதைகள் போரடிக்குதுனு தோணுச்சாம். நீங்களோ நானோ மார்வெல் ரசிகராகி அதோட விட்டிருப்போம். இந்தப் பையன் என்ன யோசிச்சான்னா, 'உதவி தேவைப்படுறது டி.சி.க்குத்தானே, அங்கேதான் நம்ம கதையை வாங்குவாங்க'னு! கொஞ்ச நாள் காமிக்ஸைப் பாடப் புத்தகம் மாதிரி படிச்சான். 13 வயசுல, 1965-ல, லீஜியன் கதை ஒண்ணை எழுதி, பக்கம் பக்கமா தானே படமும் போட்டுத் தபால்ல அனுப்பினான்.

டி.சி.யில அப்போ எடிட்டர் மோர்ட் வைசிங்கர். கூட வேலை பார்த்தவங்களை நடுங்கவைச்ச கறாரான மனுஷன்னு பேர் வாங்கினவர். அவர் கதைகளை வாங்கிக்கிட்டதோட 'இன்னும் எழுது'னும் சொல்லிட்டார். எழுதுறது ஒரு ஸ்கூல் பையன்னு அவருக்கு அப்புறம்தான் தெரியும். 1966 ஜூலை மாத 346-வது இதழில் கதை வந்தப்போ ஷூட்டருக்கு 14 வயசு. ஸ்கூல் முடிஞ்சு வந்து எழுதி, அந்தச் சம்பாத்தியத்தில் வீட்டுக்கு உதவினார்.

முதல் கதையிலேயே நாலு புது ஆட்களைக் கொண்டுவந்தார். கராத்தே கிட், பிரின்சஸ் ப்ரொஜெக்ட்ரா, நெமிசிஸ் கிட், ஃபெர்ரோ லாட். ஃபெர்ரோ லாட் இரும்பா மாறக்கூடியவன், எப்பவும் முகமூடி போட்டிருப்பான். அடுத்த வருஷமே, 1967 பிப்ரவரியில, 353-வது இதழில் அவனைச் சாகடிச்சார். சூரியனையே விழுங்குற 'சன் ஈட்டர்' நம்ம சூரியனை நோக்கி வருது. வெடிகுண்டை யாராவது அதோட மையத்துக்குக் கொண்டுபோனாத்தான் அதை அழிக்க முடியும். போனவர் திரும்ப மாட்டார். சூப்பர்பாய் கிளம்புறான். ஃபெர்ரோ லாட் அவனை அடிச்சுத் தள்ளிட்டு, குண்டைப் பிடுங்கிட்டு உள்ளே போயிடுறான்.

இதுக்கு முன்னாடியும் லீஜியனில் சாவு உண்டு. 1963-ல லைட்னிங் லாட் இறந்தான். ஆனா அதே வருஷம் திரும்ப வந்துட்டான். 1966-ல ட்ரிப்ளிகேட் கேர்ளோட மூணு உடல்கள்ல ஒண்ணு போனது. அதுக்குக் காரணமான 'கம்ப்யூட்டோ', டீமோட அதிபுத்திசாலி பிரைனியாக் 5 தானே உருவாக்கின கம்ப்யூட்டர். (ஏஐ பயம் நமக்கு இப்பத்தான் வந்திருக்கு, அவங்களுக்கு அப்பவே!) ஆனா ஃபெர்ரோ லாட் விஷயத்தில் சமாதானமே கிடையாது. அந்தப் பழைய தொடர்ல அவன் உயிரோட திரும்பி வரலை. பெரியவங்க எழுதினப்போ ஹீரோக்கள் எப்படியாவது பிழைச்சாங்க. அவங்களை நிஜமாவே சாக விட்டது ஒரு டீன் ஏஜ் பையன்.

அந்த முகமூடிக்கு ஒரு கசப்பான பின்கதையும் இருக்கு. ஃபெர்ரோ லாட் கறுப்பின இளைஞனா இருக்கணும்னு தான் ஆசைப்பட்டதாகவும், எடிட்டர் மறுத்துட்டதாகவும் ஷூட்டர் பின்னாளில் சொன்னார். பச்சை நிறத்துக்கும் ஆரஞ்சு நிறத்துக்கும் இடமிருந்த எதிர்காலத்தில் கறுப்பினத்தவருக்கு இடம் கிடைக்க 1976 ஆச்சு. அப்போ வந்த டைராக்கூட, கறுப்பினத்தவர் மத்தவங்களைவிட்டு விலகித் தனித் தீவில் வாழுறதா சொன்ன கதையில்தான் அறிமுகமானார். அதை வரைந்த மைக் கிரெலே அந்தக் கதையைக் கடுமையா விமர்சிச்சவர். லீஜியனைக் கொண்டாடுற யாரும் இந்த இடத்தைத் தாண்டிக் குதிச்சுட முடியாது. எல்லாருக்கும் இடமுண்டுனு சொன்ன டீம் அந்த வார்த்தையைக் காப்பாத்த 18 வருஷம் எடுத்துக்கிச்சு.

ஷூட்டர் பிறகு 1978-ல மார்வெலின் தலைமை எடிட்டர் ஆனார், 2025-ல மறைந்தார். 1970-களில் லீஜியன் உடைகளை அட்டகாசமா மாத்திய ஓவியர் டேவ் காக்ரமும் மார்வெலுக்குப் போய் 1975-ல புது எக்ஸ்-மென் டீமை வரைஞ்சார். உங்களுக்குப் பிடிச்ச நைட்கிராலரை, எக்ஸ்-மென்னுக்கு முன்னாடி லீஜியன் கதைகளுக்குள்ள கொண்டுவரத்தான் அவர் நினைச்சிருந்தார். எக்ஸ்-மென் பசங்க லீஜியனுக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்காங்க!

வாசகரா இருந்து எழுத்தாளரானதில் ஷூட்டர் தனி ஆள் இல்லை. டீன் ஏஜ்ல ரசிகர் பத்திரிகை நடத்தின பால் லெவிட்ஸ்தான் பின்னாடி லீஜியனை அதிக காலம் எழுதினவர்களில் ஒருத்தர், டி.சி.யின் தலைவராவும் ஆனார். ஓவியர் கீத் கிஃபனோடு சேர்ந்து 1982-ல அவர் எழுதின 'தி கிரேட் டார்க்னஸ் சாகா' 290-ல இருந்து 294 வரை ஐந்து இதழ்கள் ஓடுச்சு. வில்லன் யார்னு சொல்லாமலேயே நகரும். சின்னச் சின்னத் தடயங்களை வெச்சு வாசகர்கள் யூகிச்சுட்டே இருந்தாங்க. நிழல்ல இருந்தவன் டார்க்சைட். சூப்பர்மேன் அளவு சக்தியுள்ள டாக்சம் கிரகத்து மக்கள் மொத்தப் பேரையும் அவன் அடிமையாக்குற இடம் வரும்போது, போனைக் கீழே வைக்க மாட்டீங்க.

அப்புறம் வந்தது சோதனைக் காலம். 1986-ல சூப்பர்மேன் கதையை முதல்ல இருந்து திருத்தி எழுதினப்போ, அவர் சிறுவயசுல சூப்பர்பாயா இருந்ததே இல்லைனு மாத்திட்டாங்க. அப்போ லீஜியன் கூப்பிடப் போனது யாரை? அதைச் சமாளிக்க ஒரு தனிக் குட்டிப் பிரபஞ்சத்தையே உண்டாக்கி, அந்த சூப்பர்பாயை 1987-ல சாகடிச்சாங்க. 1989-ல கிஃபனும், ரசிகர்களா இருந்து எழுத்தாளரான டாம் - மேரி பீயர்பாம் தம்பதியும் கதையை ஐந்து வருஷம் முன்னால தள்ளி, சிதறிப்போன, களைச்சுப்போன லீஜியனைக் காட்டினாங்க. அதைத் தலையில வெச்சுக் கொண்டாடுறவங்களும் உண்டு, படிக்கிறதையே நிறுத்தினவங்களும் உண்டு. 1994-ல எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. பத்து வருஷம் கழிச்சு மறுபடி அழிப்பு. 2019-ல இன்னொரு ஆரம்பம்.

வெளியில இருந்து பார்த்தா இது சிரிப்பா இருக்கும். ஆனா 36 வருஷமா ஒரே கதையா வளர்ந்த நண்பர்களை, கல்யாணம் பண்ணிக்கிட்டு சண்டை போட்டு செத்தவங்களை, 'அதெல்லாம் நடக்கவே இல்லை'னு ஒரு இதழ் சொல்லிட்டா எப்படியிருக்கும்? நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பை யாரோ டெலிட் பண்ணிட்டு, அதே பேர்ல புது ஆட்களை வெச்சு ஆரம்பிச்ச மாதிரி. ரசிகர்கள் திட்டினாங்க, திரும்பவும் வாங்கினாங்க. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் இப்போ தனி விசுவாசிகள் இருக்காங்க.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? 1958-ல இருந்து வரிசையாப் படிக்கிறேன்னு உட்காராதீங்க. அந்தக் கால வசனங்கள் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். என் சாய்ஸ், ஜெஃப் ஜான்ஸ் எழுதி கேரி ஃப்ராங்க் வரைந்த 'சூப்பர்மேன் அண்ட் தி லீஜியன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' (2007-08). வளர்ந்த சூப்பர்மேன் பழைய நண்பர்களைத் தேடிப் போற கதை, முன்கதை தெரியாமலே புரியும். அதுக்கப்புறம் கிரேட் டார்க்னஸ் சாகா. பெரியவங்களை எதிர்த்துக் கிளம்புற இளைஞர் கூட்டமா லீஜியனைப் பார்க்கணும்னா, 2004-05-ல மார்க் வெய்டும் பேரி கிட்ஸனும் ஆரம்பிச்ச தொடர். படிக்க நேரமில்லையா? 2006-08-ல வந்த அனிமேஷன் தொடர் இரண்டு சீசன் இருக்கு. 2023-ல வந்த அனிமேஷன் படம் சூப்பர்கேர்ளை மையமா வெச்சது.

கொஞ்சம் பழகின பிறகு மேட்டர் ஈட்டர் லாட் பக்கம் போங்க. எதை வேணும்னாலும் தின்பதுதான் இவனோட சக்தி. கேட்டதும் சிரிப்பு வருதா? வேற யாராலயும் அழிக்க முடியாத ஓர் ஆபத்தான இயந்திரத்தை இவன் தின்னு முடிச்சு, அதனால புத்தி பேதலிச்சுப்போன கதை இருக்கு.

அந்த 353-வது இதழை மட்டும் பஸ்ல போறப்போ படிக்காதீங்க. பக்கத்து சீட்காரர் 'என்ன தம்பி ஆச்சு?'னு கேட்பார், பதில் சொல்ல ஆயிரம் வருஷக் கதையை ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.